தனுஷ்கோடிக்கு மிதிவண்டியில்



நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன். அவற்றுள் பல ஆண்டுகள் ஒரு பாடத்தைப் பிழையாகக் கற்பித்தேன். அப்பிழை எனக்குப் புலப்பட்டது நூலகத்திலோ ஆசிரியர் கூட்டத்திலோ அன்று. ஒரு தீவின் கடற்கரைச் சாலையில், மிதிவண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது. அந்தச் சாலையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து சிறிது விலகி, கடலுக்குள் கிடக்கும் பாம்பன் தீவைக் காண்பீர்கள். அதன் மேற்குப் பகுதி அகன்றும், தென்கிழக்குப் பகுதி வரவரக் குறுகியும் இருக்கும். குறுகிக்கொண்டே போகும் அந்த மணல் வால் முடியுமிடத்தில் தனுஷ்கோடி என்று எழுதியிருக்கும். தனுசு என்றால் வில். கோடி என்றால் முனை. இலங்கையிலிருந்து மீண்ட இராமபிரான், வீடணனின் வேண்டுகோளுக்கு இணங்கி, தம் வில்லின் முனையால் அணையை உடைத்தார் என்று தலபுராணம் கூறும். அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவுதான். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் தொலைவினும் அது அதிகமன்று.

தீவின் வடபுறத்துக் கடல் பாக்கு நீரிணையைச் சார்ந்தது. பெரும்பாலும் அமைதியாக இருப்பது. தென்புறம் மன்னார் வளைகுடா, அலை மிக்கது. ஊர் மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர். தனுஷ்கோடிச் சாலையில் செல்பவருக்கு இடக்கைப் பக்கம் பெண்கடல், வலக்கைப் பக்கம் ஆண்கடல். நடுவே மணலும் தாரும் மட்டுமே.

நான் முதன்முதலில் அத்தீவுக்குச் சென்றது 1985 ஆம் ஆண்டில். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இளம் ஆசிரியன் நான். என்னிடம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் மிதிவண்டி ஒன்று இருந்தது. அப்போது தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது 1988 இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே மண்டபத்தில் மிதிவண்டியைப் புகைவண்டியில் ஏற்றிச் சாமான் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. எனக்குக் கொடுத்த பயணச்சீட்டைவிட என் மிதிவண்டிக்குக் கொடுத்த சீட்டை நிலைய எழுத்தர் அதிகக் கவனத்தோடு எழுதினார் என்பது நினைவிருக்கிறது. வண்டி பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. இருபுறமும் கைப்பிடிச் சுவர் இல்லை. வாயிலில் நின்று கீழே நோக்கினால் நேரே கடல்தான்.

அந்தப் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம் உடையது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, இரு கைகளை உயர்த்துவது போல மேலே எழும். அவ்வமைப்பை ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கினர். விந்தை என்னவெனில், அவ்வளவு பெரிய இரும்புக் கைகளை உயர்த்தியவை இயந்திரங்கள் அல்ல. நெம்புகோல்களைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்த தொழிலாளரின் தோள்களே.

அப்பயணத்தில் நான் தனுஷ்கோடியை அடையவில்லை. முகுந்தராயர் சத்திரம் வரையில் ஒருவாறு மிதித்துச் சென்றேன். அதன்பின் பாதை இல்லை; சக்கரம் மணலில் புதைந்தது. வண்டியை ஒரு மீனவர் குடிசையில் ஒப்படைத்துவிட்டு நடந்தேன். வெயிலும் மணலும் என்னை வென்றன. பாதி வழியில் திரும்பிவிட்டேன். திரும்பியது பிழையன்று. சென்று கண்டவனைப் போலப் பின்னர் வகுப்பில் பேசியதுதான் பிழை.

மறுமுறை சென்றது ஓய்வு பெற்ற பிறகு, 2019 பிப்ரவரியில். இதற்கிடையே முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை அமைத்து, 2017 ஜூலையில் திறந்திருந்தனர். அறுபதை எட்டப்போகும் வயதில் மிதிவண்டியா என்று வீட்டில் கேட்டார்கள். காலை ஐந்து மணிக்கு மண்டபத்திலிருந்து புறப்பட்டேன். முனை வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இளைஞர்களாகிய உங்களுக்கு அது இரண்டரை மணி நேர வேலை. எனக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதற்கு முழங்கால் மட்டும் காரணமன்று; வழியெங்கும் நிற்க வேண்டியிருந்தது.

சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து, இருபுறமும் தாழ்வது. உச்சியில் இறங்கி நின்றேன். பக்கத்தில் பழைய புகைவண்டிப் பாலம் நீரோடு நீராகத் தாழக் கிடந்தது. கீழே படகுகள் வரிசையாக நின்றன. விடியும் நேரத்துக் கடல் முதலில் சாம்பல் நிறமாகவும், பின்னர் பச்சையாகவும் மாறியது. அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டிகள் நின்றுவிட்டன. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. புதியதன் நடுப்பகுதி பிளவுபடுவதில்லை. மின்தூக்கியைப் போல அப்படியே மேலே எழுகிறது. நான் கண்டது பழையதன் கடைசி ஆண்டுகள் என்பதை அப்போது அறியேன்.

தீவுக்குள் நுழைந்தால் ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். அக்காள்மடம், தங்கச்சிமடம். அதற்கப்பால், தென்கிழக்கே, முகுந்தராயர் சத்திரம். மடமும் சத்திரமும் எங்கே இருக்கும்? மக்கள் நடந்து செல்லும் வழியில் இருக்கும். புகைவண்டி வருமுன் பல நூற்றாண்டுகள் இது கால்நடை வழி. காசிக்குச் செல்வோர் முதலில் சேதுவில் நீராடி மணல் எடுத்துச் சென்று கங்கையில் இடுவர். கங்கை நீரைக் கொணர்ந்து இராமேசுவரத்தில் திருமுழுக்காட்டுவர். வடநாட்டிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களுக்குச் சோறும் நிழலும் தேவைப்பட்டன. அவ்வழியைக் காத்ததாலேயே இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதி எனப் பெயர் பெற்றனர். ஊர்ப்பெயர் எழுதிய பச்சைப் பலகை ஒன்றின் கீழ் மிதிவண்டியைச் சாய்த்து நின்றால், இத்தனையும் அப்பலகையில் எழுதியிருப்பதாகவே தோன்றும். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று விற்பவர் ஒருவர் என்னை வாங்கச் சொல்லி வற்புறுத்தினார். மிதிவண்டியில் நாற்றைக் கட்டிக்கொண்டு தனுஷ்கோடிக் காற்றில் போவது எப்படி என்று கேட்டேன். திரும்பும்போது வாங்குங்கள் என்றார். வாங்கினேன்.

இராமேசுவரத்தில் நான் தங்கவில்லை. அக்கோயிலின் திருச்சுற்றுகளுக்குத் தனியே ஒரு பேச்சு வேண்டும். ஊரைக் கடந்தால் வீடுகள் குறையும். சவுக்கும் உடைமரமும் மணல்மேடும் தொடரும். இடப்பக்கம் பிரியும் கிளைச் சாலையில், தேங்கிய நீரின் நடுவே கோதண்டராமர் கோயில் நிற்கும். வீடணன் அடைக்கலம் புகுந்த இடம் அது என்பது மரபு. அன்று அந்த நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. அவ்விடத்திலிருந்து காற்றின் போக்கு மாறுவதை உடல் அறியும். தடுப்பதற்கு மரம் இல்லை. சாலை தென்கிழக்காக ஓடுவது. காற்றோ தை மாசியில் வடகிழக்கிலிருந்தும், ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்தும் வருவது. ஆகவே எக்காலத்தில் சென்றாலும் பக்கக் காற்றுதான். முதுகுக்குப் பின்னே காற்று நின்று தள்ளும் இன்பம் இந்தச் சாலையில் போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. வண்டியைச் சற்றுச் சாய்த்தே பிடிக்க வேண்டும். மணல் சாலையின் குறுக்கே பாம்பு போல நெளிந்து ஓடும்.

முகுந்தராயர் சத்திரத்துக்குப் பின் இருகடலும் நெருங்கி வருகின்றன. இங்கேதான் சாலையின் வரலாறு தொடங்குகிறது எனலாம். 1914 இல் பாம்பன் பாலம் திறந்தவுடன், சென்னையிலிருந்து வரும் வண்டி பாம்பன் வழியாக நேரே தனுஷ்கோடிக்கு வந்தது. அதற்கு முன் கொழும்புக்குச் செல்வோர் தூத்துக்குடிக்குச் சென்று கப்பல் ஏறினர். புதிய ஏற்பாட்டில் எழும்பூரிலேயே கொழும்புக்குச் சீட்டு வாங்கலாம். தனுஷ்கோடித் துறையில் வண்டியிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் கப்பலிலிருந்து இறங்கி மீண்டும் வண்டி ஏற வேண்டும். இதனைப் போட் மெயில் என்றனர். பின்னாளில் இர்வின், கோஷன் என்னும் இரு நீராவிக் கப்பல்கள் இந்த வழியில் ஓடின. தனுஷ்கோடியில் அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, மாதா கோயில், விடுதிகள் எல்லாம் எழுந்தன.

அவ்வண்டியில் துரைமார்களும் வணிகர்களும் மட்டுமா சென்றார்கள்? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் சென்றார்கள். அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, மருத்துவச் சோதனை செய்து, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலுக்கு அனுப்பினர். இந்த மணல் வாலின் மீது மூட்டையோடு அமர்ந்து, திரும்பி வருவோமா என்று எண்ணியவர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நாட்டுரிமையைப் பற்றி 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அவர்கள் வந்து இறங்க வேண்டிய துறை தனுஷ்கோடி. ஆனால் உடன்படிக்கைக்குப் பின் அந்த ஊர் எட்டு வாரங்கூட இருக்கவில்லை.

1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியது. அது வலுத்துப் புயலாகி, 22 ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவு பாக்கு நீரிணையில் புகுந்தது. இந்த நீரிணை மிகவும் ஆழமற்றது. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் கீழே இறங்கி விலகிச் செல்ல இடமுண்டு. ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லை. நீர் குவிந்து எழும். எழுந்த நீருக்கு எதிரே நின்றது கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த மணல் திட்டு. இருபது அடிக்கு மேல் அலை எழுந்தது என்பர். அவ்விரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653 ஆம் எண் பயணிகள் வண்டி, ஊருக்கு மிக அருகில், கைகாட்டி கிடைக்காமல் நின்றது. பின்னர் மெல்ல நகர்ந்தது. அலை அதனை முழுவதும் கொண்டுபோயிற்று.

என் வகுப்புக் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்திருந்த வாக்கியம் இது: “1964 இல் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது; 115 பேர் மாண்டனர்.” ஆண்டுதோறும் இதனை மாணவர்க்குச் சொல்லி எழுதச் செய்தேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். 115 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

இடிந்த ஊரை நான் அடைந்தபோது ஒன்பது மணி இருக்கும். மாதா கோயிலின் சுவர்கள் கூரையின்றி நின்றன. கடலிலிருந்து எடுத்த பவளக் கற்களால் கட்டியவை. அருகே புகைவண்டி நிலையத்தின் சிதைவுகளும், நீர்த்தொட்டி ஏந்திய தூண்களும் இருந்தன. கடைகளில் சங்கும் சிப்பி மாலையும் தொங்கின. கீற்றுக் கொட்டகையில் தேநீர் விற்றுக்கொண்டிருந்தார் அறுபதைக் கடந்த ஓர் அம்மையார். நான் ஆசிரியன் என்பதை என் பேச்சிலிருந்தே அறிந்துகொண்டார் போலும். சில கல்லூரி மாணவர்களும் அங்கே அமர்ந்திருந்தனர். பழக்கம் விடுமா? அவர்களுக்குப் புயலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வண்டியின் எண்ணைச் சொன்னேன். 115 பேர் இறந்ததைச் சொன்னேன்.

அம்மையார் பாலைக் கொதிக்க விட்டபடியே கேட்டார்: “ஐயா, எங்க அக்கா ரயில்ல போகலியே. வீட்டுலதானே தூங்கிக்கிட்டு இருந்துச்சு?”

நான் பேச்சை நிறுத்தினேன். அவர் தொடர்ந்து, தமக்கு அப்போது ஒன்பது வயது என்றும், தம்மை அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறியதாகவும், அக்காளும் பாட்டியும் வேறு வீட்டில் இருந்ததாகவும், காலையில் அந்த வீட்டுக்குப் பதில் கடல் இருந்ததாகவும் சொன்னார். இவற்றைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. நடுவில் இருவருக்குச் சில்லறையும் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய பின் நூல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வண்டியில் இறந்தவர் 115 பேர் என்பதே பரவலாகக் காணப்படும் கணக்கு. 110 பயணிகளும் 5 புகைவண்டி ஊழியர்களும். சீட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறு வரை வரும் என்று கருதுவோர் உண்டு. ஆனால் அந்தப் புயலில் மாண்டவர்களின் மொத்தம் 1800 க்குக் குறையாது என்பதே மதிப்பீடு. இரண்டு எண்களும் என் கையில் இருந்த நூல்களிலேயே இருந்தன. நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன், மற்றதை விட்டுவிட்டேன். ஏன்?

வண்டிக்கு எண் இருந்தது. கால அட்டவணை இருந்தது. விற்ற சீட்டுக்குக் கணக்கு இருந்தது. ஊழியர்களுக்குச் சம்பளப் பட்டியல் இருந்தது. ஆகவே அச்சாவை எண்ண முடிந்தது. எண்ண முடிந்ததை எழுத முடிந்தது. எழுதியதைப் பாடமாக்க முடிந்தது. கீற்றுக் குடிசையில் உறங்கியவர்களுக்குச் சீட்டு ஏது? அவர்கள் பெயர் எழுதிய ஏடு எங்கேனும் இருந்திருந்தால், அதுவும் அந்த அஞ்சலகத்தோடும் பள்ளியோடும் கடலுக்குப் போயிருக்கும். அவர்களை மதிப்பீடு என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். 1800 என்பது இரண்டு சுழிகளில் முடிகிறது, பாருங்கள். உண்மையாக எண்ணிய எண் அவ்வளவு வசதியாக முடிவது அரிது.

பாலத்தின் கதையும் இத்தகையதே. அப்புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஷெர்சர் அமைப்பும் தூண்களும் தப்பின. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. அது பெருமைக்குரிய செயலே. அவரே பின்னாளில் கொங்கண் இருப்புப்பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ் பெற்றார். ஆனால் தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையை யாரும் மீண்டும் போடவில்லை. ஊர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று. உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய மலைநாட்டு மக்கள் இராமேசுவரத்தில் இறங்கி, தம் பாட்டன்மார் சோதனைக்கு நின்ற அதே மண்டபம் முகாமில் வந்து தங்கினர். 1980களில், இலங்கையில் போர் மூண்ட காலத்தில், அந்தக் கப்பலும் நின்றது. பின்னர் வந்தவர்கள் படகில் வந்த ஏதிலியர்.

வாழத் தகுதியற்றது என்று அறிவித்த இடத்திலும் மீனவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு கடல் இல்லை. மணலில் கையளவு தோண்டினால் நல்ல நீர் ஊறுவதை அம்மையார் எனக்குக் காட்டினார். இருபுறமும் உப்புக் கடல் சூழ்ந்திருக்க, மழைநீர் மணலில் தங்கி உப்புநீரின் மேலே மிதப்பதனால் இது கூடுகிறது. இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதனை அடர்த்தி வேறுபாடு என்று உடனே கூறுவார்கள். நான் குடித்துப் பார்த்தேன், சிறிதும் கரிக்கவில்லை.

அங்கிருந்து அரிச்சல்முனைக்கு நாலரைக் கிலோமீட்டர். கடல் அரிக்கும் முனை என்பது பெயரிலேயே இருக்கிறது. சாலை அங்கே ஒரு வட்டமாக முடிகிறது. நடுவே நான்முகச் சிங்கம் தாங்கிய தூண் நிற்கிறது. இரண்டு கடல்களும் கலக்குமிடத்தில் பச்சையும் நீலமும் ஒரு கோடிட்டாற்போலப் பிரிந்து தெரிந்தன. அவ்வளவு அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனாலும் கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நிற்க மனம் இடங்கொடுக்கவில்லை. வண்டியைத் திருப்பி மீண்டும் தேநீர்க் கொட்டகைக்கு வந்தேன்.

“அம்மா, உங்கள் அக்காவின் பெயர் என்ன?” என்று கேட்டேன்.

சொன்னார். பாட்டியின் பெயரையும் சொன்னார். குறிப்பேட்டை எடுத்து, அன்றைய நாளையும் இட்டு, இரண்டு பெயர்களையும் எழுதினேன். அந்தப் பக்கத்தைத் தம்மிடம் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, “எனக்கு எழுத்து தெரியாதுங்க, படிச்சுச் சொல்லுங்க” என்றார். படித்தேன். பாட்டியின் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. திருத்திவிட்டு மறுபடியும் படித்துக் காட்டினேன்.